‘மதுர மழை’யின் மூன்றாம் பாட்டு பிறந்த வரலாறு

இசை குயிலின் தொண்டையில் பிறந்தது என்று சிலரும், மூங்கிலின் துளையில் பிறந்தது என்று சிலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இரு சாராரையும் மதிக்கிறேன். ஆனால் இரு சாரார் சொல்வதும் தவறு. இசை பிறப்பது மக்கள் தொடர்பு அலுவலகத்தில். நான் நேரில் பார்த்தவன். பார்த்தவன் என்ன, பிரசவமே என் மேசைமேல்தான் நடந்தது.

என் பெயர் தாமோதரன்; தெலுங்கு வாய்களில் தாமோதரம். சொந்த ஊர் நகரி. பங்காருபாளையத்தில் இருக்கும் ‘சஹஸ்ரமதுரம் பழக்கூழ் ஆலை’யின் மக்கள் தொடர்பு அலுவலர். மாம்பழத்தைக் கூழாக்கி டின்னில் அடைத்துக் கப்பலேற்றுவது ஆலையின் வேலை. நடந்ததைக் கூழாக்கிச் செய்தியில் அடைத்து ஊருக்கு அனுப்புவது என் வேலை. தமிழ், தெலுங்கு இரண்டிலும் அடைப்பேன்.

ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பிரித்திகா என்று ஒரு பெண். புத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். சித்தூரில் மகளிர் விடுதியில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் வேலைக்கு வருவாள். கூழில் ஒரு சொட்டை எடுத்துக் கருவியில் விட்டு, இனிப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது அவள் பணி. பகலெல்லாம் இனிப்பை அளப்பவள் தானே பாட்டு எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே கிட்டார் வாசித்துப் பாடுவாள். அந்தப் பாட்டுகளில் மட்டும் ஒரு சிட்டிகை இனிப்பு இருக்காது. இது விஞ்ஞானம் ஆராய வேண்டிய விஷயம்.

ஆயுத பூஜையன்று அவள் பாடியதை எங்கள் நிர்வாக இயக்குநர் ஜெயபிரகாஷ் அவர்கள் கேட்டார்கள். ஆலைக்கு வெள்ளிவிழா ஆண்டு நெருங்கிக்கொண்டிருந்த நேரம். மற்ற ஆலைகள் வெள்ளிவிழாவுக்குச் சுவர்க்கடிகாரமும் எவர்சில்வர் டிபன் டப்பாவும் கொடுத்துச் சரித்திரத்தில் இடம்பெறாமலே போயிருந்தன. எங்கள் எம்.டி. ஒரு கணம் யோசித்தார்கள். மறுகணம், “ஒக ஆல்பம் சேத்தாம்!” என்றார்கள். ஆல்பம் செய்வோம் என்று ஒரு பழக்கூழ் அதிபர் சொன்னது ராயலசீமை வரலாற்றிலேயே முதல்முறை.

பிரித்திகாவை என் அறைக்கு அழைத்து விவரம் சொன்னேன். துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எம்.டி. சார் எல்லாப் பாட்டையும் உக்காந்து கேப்பாரா சார்?”

“கேட்காமல்? அவர் வெளியிடும் ஆல்பம்மா!”

“மூணாவது பாட்ட கண்டிப்பா கேப்பாரு இல்ல?”

“ஏன், அதில் என்ன விசேஷம்?”

“மூணு மனு குடுத்துட்டோம் சார். ஒண்ணுத்தயும் அவரு பாக்கல. மனுன்னா படிக்காம வெச்சிடலாம். பாட்டுன்னா கேட்டுத்தான ஆவணும்?”

மனு விஷயம் இதுதான். மாம்பழம் தரம் பிரித்து, தோல் சீவி, கொட்டை எடுக்கும் பெரிய ஹாலில் நூற்றி நாற்பது பெண்கள் வேலை செய்கிறார்கள். பக்கத்திலேயே கூழ் காய்ச்சும் கொப்பரைகள். மே, ஜூன் மாதங்களில் அங்கே நின்றால் இட்லி வேகும். ஹாலுக்குள் குடிதண்ணீர்க் குழாய் கிடையாது. குழாய் வெளியே, காவலாளி கூண்டுக்குப் பக்கத்தில். தாகம் எடுத்தவர்கள் உற்பத்தி மேலாளர் வேங்கடாசலத்திடம் போய் ஒரு பிளாஸ்டிக் டோக்கன் வாங்கிக்கொண்டு, நடந்து போய்க் குடித்துவிட்டு வந்து, டோக்கனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நிர்வாகத்தின் தாராள மனத்தால் ஹாலுக்கு இரண்டு டோக்கன்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. உள்ளேயே ஒரு குழாய் வேண்டும் என்று பெண்கள் வருடத்துக்கு ஒன்றாக மூன்று மனு கொடுத்தார்கள். மூன்றும் ‘பரிசீலனையில்’ இருந்தன. எங்கள் ஆலையில் பரிசீலனை என்பது ஒரு பீரோ.

பிரித்திகா ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறித் திருப்பதிக்குப் போய், ஒரு சின்ன ஸ்டூடியோவில் எட்டுப் பாட்டுகளைப் பதிவு செய்தாள். ஆல்பத்துக்கு அவள் வைத்த பெயர் ‘ரெண்டாவது ஷிப்ட்’. கேட்ட உடனே வியர்வை நாற்றம் அடித்தது. நான் அதை ‘மதுர மழை’ என்று திருத்தினேன். அட்டையில் போட எட்டுப் பாட்டுக்கும் ‘உத்வேகக் குறிப்பு’ தேவை என்று எம்.டி. சொன்னதால், சித்தூர் அலுவலகத்தின் குளிர்சாதன அறையில் உத்வேக ஆய்வுக் கூட்டம் கூடியது. எம்.டி., வேங்கடாசலம், நான், பிரித்திகா. ஆளுக்கு ஒரு பாட்டில் குளிர்ந்த தண்ணீர்.

“முதல் பாட்டு?” என்று தொடங்கினேன். “எதைப் பார்த்து எழுந்த உத்வேகம்?”

“பழப் பெட்டி கழுவற மெஷினு சார். அது ‘தடக்கு தடக்கு’ன்னு ஒரு தாளம் போட்டுகினே இருக்கும்.”

நான் எழுதிக்கொண்டேன்: ‘சேஷாசலத்தின் அருவி.’

“இரண்டாவது?”

“பாகாலா ஸ்டேஷன்ல எதிர்வண்டிக்காக ட்ரெய்ன நிறுத்திட்டாங்க சார். ஒன்ற மணி நேரம். பசி. பக்கத்து சீட்டு அம்மா புளிசோறு துன்னுகினு இருந்தாங்க. எனக்குக் குடுக்கவே இல்ல.”

நான் எழுதிக்கொண்டேன்: ‘பிரிவாற்றாமை.’

“மூணாவது ஜமீலாக்கா பாட்டு,” என்று அவளே முந்திக்கொண்டாள். “பரதராமியிலர்ந்து வர்றாங்களே, கொட்டை எடுக்கற லைன்ல. ஜூன் மாசம் மயங்கி விழுந்துட்டாங்க. ரெண்டு டோக்கனும் வெளிய போயிருந்திச்சி. எனக்கு சத்தம் கேட்டு லேப்ல இருந்த தண்ணி பாட்டில எடுத்துகினு ஓடிப் போயி மூஞ்சில அடிச்சேன். கண்ணத் தொறந்தாங்க. தொறந்ததும் மொத வார்த்த இன்னா கேட்டாங்க தெரியுமா சார்? ‘டோக்கன் வாங்கினியா கண்ணு?’ன்னு கேட்டாங்க. அன்னிக்கி எழுதின பாட்டு.”

குளிர்சாதனம் மட்டும் கடமையைச் செய்தது.

“அந்த அம்மாவுக்குச் சர்க்கரை குறைஞ்சிருந்தது சார்,” என்றார் வேங்கடாசலம் எம்.டி.யிடம். “முதலுதவி ரிஜிஸ்தர்லயே எழுதியிருக்கு. ‘காரணம்: இனிப்புக் குறைவு.’”

ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான டன் இனிப்பு ஓடும் ஆலையில் ஒருத்தி இனிப்புக் குறைந்து விழுந்தது அவளுடைய தனிப்பட்ட அலட்சியம் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

“பாட்டு வினிப்பிஞ்சு,” என்றார்கள் எம்.டி. போட்டுக் காட்டச் சொல்கிறார்கள் என்று புரிந்து பிரித்திகா செல்போனில் போட்டாள்.

*சாறு ஓடுது ஆறு மாதிரி எங் கண்ணு முன்னால*
*அரைச் சொம்பு தண்ணி இல்லடி என் தொண்டைக்குள்ளால*
*டோக்கன் குடு சாரே, தாகம் வந்து நிக்குது*
*வரிசையில என் தாகம் வாசப்படியில நிக்குது*

எம்.டி. கண்ணை மூடிக் கேட்டார்கள். முடிந்தபோது அவர்கள் இமையோரத்தில் ஒரு சொட்டு. அது கூழாக இருந்திருந்தால் பிரித்திகா அங்கேயே இனிப்பு அளந்திருக்கலாம்.

“சால பாகுந்தி! ரொம்ப நல்லா இருக்கு!” என்றார்கள். பிறகு சிறிது குழம்பி, “தாமோதரம், இது எந்த டோக்கன்?” என்று கேட்டார்கள்.

பிரித்திகா வாயைத் திறந்தாள். நான் அதற்குள் எழுந்துவிட்டேன். என் இருபத்திரண்டு ஆண்டு அனுபவத்தில் அவ்வளவு வேகமாக நான் எழுந்ததில்லை.

“பக்தி சார்! சாறு என்பது உலக இன்பம். தண்ணீர் என்பது அருள். தாகம் ஜீவாத்மா. ‘சாரே’ என்பது சாட்சாத் பரமாத்மா. டோக்கன் என்பது தரிசன டோக்கன்!”

“ஆஹா!” என்றார்கள் எம்.டி. “ஒரு பொண்ணு மனசுல இவ்வளவு ஆழமா!”

“சார், இது பக்தியெல்லாம் இல்ல சார்,” என்றாள் பிரித்திகா. “தண்ணி சார். குடிக்கற தண்ணி.”

“நீர்தானம்மா ஜீவன்!” என்று எம்.டி. கைகூப்பினார்கள். கூட்டம் இனிதே நிறைவுற்றது.

வெளியே வந்ததும் பிரித்திகா படிக்கட்டில் என்னை மறித்தாள். முகம் சிவந்திருந்தது.

“ஏன் சார் இப்பிடி பண்ணீங்க? அவரு கேட்டாரு சார். வாய விட்டுக் கேட்டாரு, எந்த டோக்கன்னு. ஒரே ஒரு நிமிசம் நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும்.”

“உன் பாட்டை ஒரு படி உயர்த்தியிருக்கிறேன்மா.”

“எறக்கி உட்ருங்க சார். எனக்குக் கீழயே இருக்கட்டும்.” இரண்டு படி இறங்கியவள் திரும்பினாள். “ரிலீசு அன்னிக்கி நான் மேடையில பேசணும்.”

எம்.டி.யிடம் கேட்டேன். அவர்கள் பெருந்தன்மையானவர்கள். “மாட்லாடனி,” என்றார்கள். பேசட்டும். சிறப்பு விருந்தினர் தெலுங்குக்காரர், பெரிய பதவியில் இருப்பவர், தமிழ் வராது. ஆகவே பிரித்திகா தமிழில் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, நான் பக்கத்தில் நின்று தெலுங்கில் சொல்வது என்று முடிவாயிற்று. என்னிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தபோது வேங்கடாசலம் என் தோளை அழுத்திய அழுத்தத்தில் ஒரு நாட்டின் பாதுகாப்பே அடங்கியிருந்தது.

விழா திருப்பதியில், ஒரு கல்யாண மண்டபத்தில், ஞாயிறு காலை பத்து மணிக்கு. கூட்டம் குறையக் கூடாது என்பதற்காக நூற்றி நாற்பது பெண்களையும் சீருடைச் சேலையோடு நான்கு பஸ்ஸில் ஏற்றி வந்திருந்தோம். மேடைமேல் நீள மேசை. அதன்மேல் ‘மதுர மழை’ ஸ்டிக்கர் ஒட்டிய தண்ணீர் பாட்டில்கள் அணிவகுத்து நின்றன. வரவேற்புரையின் நடுவில் கரண்ட் போயிற்று. மைக்குக்கும் விளக்குக்கும் மட்டும் ஜெனரேட்டர் இருந்தது, மின்விசிறிக்கு இல்லை. இதை நான் விதியின் சதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஹாலில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு வேலை செய்யும் இடத்திலேயே இருப்பது போன்ற சௌகரியம் ஏற்பட்டது.

பிரித்திகா மைக் முன் வந்தாள். கிட்டாரின் கழுத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“இந்தப் பாட்டு ஜமீலாக்காவுக்கு மயக்கம் வந்தப்ப எழுதனது,” என்றாள்.

நான் தெலுங்கில் முழங்கினேன்: “ஈ பாட்ட பிரேம மைகம்லோ ராசிந்தி!” காதல் மயக்கத்தில் எழுதியதாம். மயக்கம் மயக்கம்தானே. சிறப்பு விருந்தினர் புன்னகைத்தார். கீழே இரண்டு வரிசைகளில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எங்க ஹால்ல குடிக்கறதுக்குத் தண்ணிக் கொழா இல்ல.”

“ஆமெ மனசு எண்டிபோயிந்தி!” அவள் மனம் வறண்டுபோனதாம்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“நூத்தி நாப்பது பேருக்கு ரெண்டே ரெண்டு டோக்கன்.”

கொஞ்சம் திணறினேன். வேங்கடாசலம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கலைவாணி கைவிடவில்லை.

“இந்த மந்திலோ ரெண்டே ரெண்டு மனசுலு!” இத்தனை பேருக்கு நடுவே இரண்டே இரண்டு இதயங்கள்.

இங்கேதான் நான் ஒரு சிறு விஷயத்தைக் கவனிக்கத் தவறியிருந்தேன். தமிழ் தெரியாதவர் அந்த மண்டபத்தில் ஒரே ஒருவர். மற்ற நூற்றி நாற்பது பேரும் வீட்டில் ஒன்று, சந்தையில் ஒன்று என்று இரண்டு மொழியையும் பிறந்ததிலிருந்து பேசி வருபவர்கள்.

நான்காவது வரிசையில் ஜமீலா எழுந்து நின்றாள். ஒல்லியான பெண்மணி. ஆனால் மைக் வேண்டாத குரல்.

“ஓ தாமோதரம் சார்! டோக்கன்னா மனசா? அப்ப எங்க மனசெல்லாம் வேங்கடாசலம் சாரு மேச டிராயர்லயா கீது?”

மண்டபம் வெடித்தது. எங்கள் ஆலையின் வரலாற்றில் பெண்கள் அவ்வளவு சத்தமாகச் சிரித்ததில்லை. அதற்குத் தனி டோக்கன் இருந்திருக்குமோ என்னவோ. எம்.டி. என் பக்கம் சாய்ந்து, “ஏமண்டி, எதுக்கு நவ்வுதாங்க?” என்று சிரிப்புக்குக் காரணம் கேட்டார்கள்.

“ரசிக்கிறார்கள் சார்!”

பிரித்திகாவும் சிரித்துவிட்டாள். கிட்டாரைத் தட்டினாள். ‘சாறு ஓடுது’ என்று அவள் எடுத்ததும் நூற்றி நாற்பது பேரும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்குப் பாட்டு மனப்பாடம். கொட்டை எடுத்துக்கொண்டே மூன்று மாதமாகப் பாடிக்கொண்டிருந்தார்களாம். மக்கள் தொடர்பு அலுவலருக்குத்தான் தகவல் வரவில்லை.

‘டோக்கன் குடு சாரே’ என்ற இடத்தில் ஜமீலா மேடையேறினாள். நேராகச் சிறப்பு விருந்தினரின் முன்னால் போய் நின்றாள். “டோக்கன் இல்ல சார், மன்னிச்சிக்குங்க,” என்று அவர் பாட்டிலை எடுத்து, அண்ணாந்து, உதடு படாமல் நாலு மடக்குக் குடித்தாள். அடுத்தவளிடம் நீட்டினாள். இன்னொருத்தி எம்.டி.யின் பாட்டிலை எடுத்தாள். வேங்கடாசலம் தம் பாட்டிலை மட்டும் மடியில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டார்.

இது நடன அமைப்பு என்று நினைத்து எம்.டி. எழுந்து நின்று கைதட்டினார்கள். சிறப்பு விருந்தினரும் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தவர், ஜமீலா வாயைத் துடைத்துக்கொண்ட விதத்தைப் பார்த்து ஏனோ நிறுத்தினார். என்னை விலக்கிவிட்டு அவளிடம் தெலுங்கில் நேராகவே கேட்டார்.

“அம்மா, நிஜங்கானே கொழாயி லேதா?”

நிஜமாகவே குழாய் இல்லையா என்று; பிரித்திகா சொன்ன ‘கொழா’ தெலுங்கிலும் கொழாயிதான் என்பதை நான் மறந்திருந்தேன். அவளும் தெலுங்கிலேயே, “லேது சார்,” என்றாள்.

மொழிபெயர்க்க எனக்கு எதுவும் மிச்சமில்லை.

பெரிய மனிதர்கள் எப்படிப் பெரிய மனிதர்கள் ஆகிறார்கள் என்பதை அப்போது பார்த்தேன். எம்.டி. இரண்டு விநாடி கூட எடுத்துக்கொள்ளவில்லை. “புதவாரம் திறப்பு விழா சார்!” என்றார்கள். “சர்ப்ரைசா வெச்சிருந்தோம்!”

புதன்கிழமைக்குள் ஹாலுக்கு உள்ளேயே ஆறு குழாய்கள் வந்துவிட்டன. மூன்று வருடம் பரிசீலிக்கப்பட்டதால்தான் மூன்று நாளில் முடிந்தது என்பதை அவசரக்காரர்கள் உணர வேண்டும். எம்.டி. ரிப்பன் வெட்டினார்கள். கல்வெட்டு வாசகம் என்னுடையது. ‘தொழிலாளர் தாகம் தாமே உணர்ந்த’ என்று தொடங்கும். பிரித்திகா தான் அளக்கும் கண்ணாடிக் குவளையிலேயே முதல் தண்ணீரைப் பிடித்து ஜமீலாவுக்குக் கொடுத்தாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

வியாழக்கிழமை எம்.டி. என்னை அழைத்து ஒரு கடிதம் எழுதச் சொன்னார்கள். ஜமீலாவுக்கு. மேடையேறியவளை வெறுமனே ‘நீக்கம்’ என்று ஒரு வரியில் அனுப்புவது ஆலையின் பண்பாட்டுக்கு அழகல்ல. என் முழுத் திறமையையும் காட்டினேன்.

‘தங்கள் குரல் வளம் இந்த ஆலையின் நான்கு சுவர்களுக்குள் அடங்கக் கூடியதன்று. தங்களைப் போன்ற கலைஞரை மாங்கொட்டை எடுக்கும் பணியில் அமர்த்துவது கலைக்குச் செய்யும் துரோகம் என ஆலை உணர்கிறது. எனவே நாளை முதல் தங்களை விடுவிப்பதில் மகிழ்ச்சி அடைகிறோம். சீருடைச் சேலையையும் தலைத்தொப்பியையும் வாயிலில் ஒப்படைக்கவும்.’

ஜமீலாவுக்குப் படிக்க வராது. கடிதத்தை என் அறை வாசலில் நின்று பிரித்திகாதான் படித்தாள். ஒருமுறை மனத்துக்குள்ளும் ஒருமுறை சத்தமாகவும்.

“இன்னா கண்ணு சொல்லுது?”

“வேல இல்லன்னு சொல்லுதுக்கா.”

“அதுக்கா இம்மாம் நீளம்?” ஜமீலா தலைத்தொப்பியைக் கழற்றி மடித்தாள். மடித்ததை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். “பக்ரீதுக்குப் பொண்ணு வூட்டுக்குப் போவணும்னு இருந்தேன். ஆவட்டும். தண்ணி வந்திச்சி இல்ல.”

பிரித்திகா என்னிடம் வந்தாள். “இத நீங்கதான் எழுதனீங்களா சார்?”

“ஆமாம்மா. நடை எப்படி?”

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். கூழில் ஒரு சொட்டை வைத்துக்கொண்டு பார்ப்பாளே, அந்தப் பார்வை. கடிதத்தைச் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அன்று மாலையே ராஜினாமா. ஒரே வரி. நடை சுமார்.

இப்போது அவள் திருப்பதியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஜமீலா குடியாத்தம் பக்கம் ஒரு தையல் யூனிட்டில் சேர்ந்திருப்பதாகக் கேள்வி. ‘மதுர மழை’ குறுந்தகடுகள் எங்கள் ஸ்டோர் ரூமில் பத்திரமாக இருக்கின்றன; ஒன்றுகூடக் குறையவில்லை.

ஆனால் பிரித்திகா இரண்டாவது ஆல்பம் ஒன்றை இணையத்தில் விட்டாள். அதன் முதல் பாட்டு சித்தூரிலிருந்து பலமநேர் வரை எல்லா ஷேர் ஆட்டோவிலும் ஒலிக்கிறது. பாடியிருப்பது ஜமீலா. கிட்டார் பிரித்திகா. பாட்டு வேறெதுவும் இல்லை, என் கடிதம்தான். ‘அன்புடையீர்’ தொடங்கி ‘ஒப்படைக்கவும்’ வரை. ‘மகிழ்ச்சி அடைகிறோம்’ என்ற வரியை மட்டும் பல்லவியாக்கி ஏழு தடவை பாடவிட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஜமீலா அதை இன்னும் மெதுவாகப் பாடுகிறாள். ஏழாவது தடவை கேட்கும்போது காதில் ஈயம் இறங்குகிறது. அதன் கீழே ‘பாடலாசிரியர்: தாமோதரன்’ என்று போட்டிருக்கிறது.

அவதூறு வழக்குப் போடலாம் என்றார் வேங்கடாசலம். கடிதத்தையும் பாட்டையும் பக்கத்தில் வைத்து மூன்று முறை ஒப்பிட்டேன். ஒரு சொல்லை மாற்றவில்லை. ஒரு சொல்லைக் கூட்டவில்லை. மற்றவர்கள் சொன்னதையெல்லாம் நான் இத்தனை வருடம் திருத்தி உயர்த்தியிருக்கிறேன். நான் சொன்னதை அந்தப் பெண் அப்படியே விட்டுவிட்டாள்.

போன வாரம் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் ஏழுமலையின் டீக்கடையில் நின்றிருந்தேன். ரேடியோப் பெட்டியில் ‘பாடலாசிரியர் தாமோதரன்’ என்ற அறிவிப்போடு அந்தப் பாட்டு வந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்த ஏழுமலை கையை நிறுத்திக் கேட்டார். முடிந்ததும் காறித் துப்பினார்.

“இன்னா மனுசன் சார் இவன்? வவுத்துல அடிச்சிட்டு மகிழ்ச்சி அடையறானாம். யாரு சார் இந்தத் தாமோதரன்? உங்களுக்குத் தெரியுமா?”

ஒரு பாடலாசிரியனுக்கு இதைவிடப் பெரிய அங்கீகாரம் ஏது? என் எழுத்து முதன்முறையாக ஒரு மனிதனுக்கு உள்ளபடி புரிந்திருக்கிறது.

“தெரியாது,” என்று சொல்லிவிட்டு, பாதி டீயை அங்கேயே வைத்துவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன்.